கருவாட்டுமுனையின் கெட்ட பெயர்

நாங்கள் வென்றோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன ஆகுமோ என்று கடைசிவரை யாரும் எங்களுக்காக இரக்கப்பட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம். இரக்கம் எங்கள் ஆட்களுக்கு ஒத்துவராது.

தீவுப்பகுதியின் வரலாறு என்று படித்தவர்கள் எழுதிய இரண்டு மூன்று புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். கோட்டை கட்டிய பறங்கி இருக்கிறான். ஒல்லாந்தன் இருக்கிறான், அவனுடைய குதிரைகூட இருக்கிறது. தென்னிலங்கையில் கடை வைத்த முதலாளிமார் தகப்பன் பெயரோடும் பாட்டன் பெயரோடும் இருக்கிறார்கள். கருவாட்டுமுனை இல்லை. ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். தையல் மெசினில் பிழைத்தவள் நான். எழுத்து அழகாய் வராது.

ஊர்காவற்றுறையிலிருந்து சுருவில் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, ஒரு மதகடியில் இறங்கி, பனங்கூடலுக்குள்ளால் கடலைப் பார்த்துக் கால் மணித்தியாலம் நடந்தால் எங்கள் ஊர் வரும். மணல்திட்டி ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நாற்பது வீடுகள், எல்லாம் கிடுகுக் கூரை. ஒரு சின்னக் கோயில், உள்ளே அந்தோனியார். ஒரு கிணறு, அது உவர்க்கிணறு. நல்ல தண்ணீருக்குப் பெரிய ஊருக்குப் போகவேண்டும். பெரிய ஊர் என்று நாங்கள் சொன்னது பனங்கூடலுக்கு மற்றப் பக்கம் இருந்த ஊரை. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் என்னோடு படித்தவர்கள்.

எங்கள் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மன்னாரிலிருந்து என்று ஒரு கதை. நெடுந்தீவில் பஞ்சம் வந்து எழும்பி வந்தவர்கள் என்று இன்னொரு கதை. என் தகப்பனைக் கேட்டால், கடலுக்குள்ளால் வந்தோம், போய் வேலையைப் பார் என்பார். தெரிந்தது இவ்வளவுதான். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கச் சனம். நண்டு, திருக்கை, சுறா பிடிப்போம். விற்றது போக மிஞ்சியதை உப்பிட்டு மணலில் காயவைப்போம். அந்த மணத்துக்காகப் பெரிய ஊர் எங்களுக்கு வைத்த பெயர்தான் கருவாட்டுமுனை. வேறு பெயர் எங்களுக்கு இருக்கவில்லை. எங்களுக்குள் பேசும்போது வெறுமனே 'கரை' என்போம்.

சண்டைக்காரர்கள்தான். வலை சிக்கினால் சண்டை, கோழி மாறிப்போனால் சண்டை, கூத்தில் யார் இராசா என்பதற்குச் சண்டை. ஆனால் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் பெற்றவளுக்குச் சுறா போகவேண்டும், கேட்காமலே. பால் சுரக்க. அந்த வீட்டோடு கோபமாய் இருப்பவன்தான் முதலில் கொண்டுபோய் வாசல் படலையில் தொங்கவிடுவான். கொண்டுவந்தது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் திரும்பவும் சண்டை வரும்.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறேன். பெரிய ஊர்க்காரன் செய்த பிழை அல்ல, நாங்களே செய்தது.

எங்கள் ஊரின் பெயரைச் சொல்ல எங்களுக்கு வெட்கம். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோனால் சுவாமியார் எந்த ஊர் என்று கேட்பார். பெரிய ஊரின் பெயரைச் சொல்வார்கள். பிறப்புப் பதிகிறவர் கேட்பார். அங்கேயும் அதே பெயர். கலியாணம், சாவு, பள்ளிக்கூடம், வாக்காளர் இடாப்பு, எல்லாவற்றிலும் அதே பெயர். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல. நாற்பது வீடும் தனித்தனியே, மற்ற வீட்டுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அதே பொய்யைச் சொன்னார்கள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு என்னை ஊர்காவற்றுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எனக்கு ஆறு வயது. ஒருவரும் சொல்லித்தராதபடியால் எந்த ஊர் என்று ரீச்சர் கேட்டபோது கருவாட்டுமுனை என்றேன். கடைசி வரிசை வாங்கில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாள் அம்மா வந்து ரீச்சரோடு பேசி இடாப்பில் மாற்றினாள். வரும்போது என் தொடையில் ஒரு கிள்ளு. அதற்குப்பிறகு நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன். ஊர்காவற்றுறையில் சட்டை தைக்கத் தருகிறவர்களிடம்கூடப் பெரிய ஊர் என்றுதான் சொல்வேன். வீட்டுக்கு வந்து சட்டை வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன் என்பேன்.

பொய் சொல்லாத ஒரே ஆள் மாமி. என் தகப்பனின் அக்கா. கடகத்தில் மீன் வைத்துப் பெரிய ஊர் ஒழுங்கைகளில் கூவி விற்கிறவள். குரல் ஒழுங்கையின் அந்தத் தலைப்பில் கேட்கும். யாராவது எந்த ஊர் மீன் என்று கேட்டால், கருவாட்டுமுனை மீன், வேண்டினால் வேண்டு, இல்லாட்டி வழியை விடு என்பாள். வாய்த்தர்க்கம் கைகலப்பாகும். கிராமக்கோடு என்று அப்போது ஒரு சின்ன நீதிமன்றம் இருந்தது. மாமி அங்கே போய்வந்த கணக்கு எங்களுக்குத் தெரியாது. தகப்பன் அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவிடமாட்டார். மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்திரண்டு வயதானபோது, அரசாங்கக் கந்தோர்ப் பியோன் ஒருவன் வந்து கோயில் கதவில் ஒரு கடதாசியை ஒட்டிவிட்டுப் போனான். முழுக்கச் சிங்களம். எங்கள் ஊரில் ஒரு எழுத்தும் யாருக்கும் தெரியாது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரிய ஊரின் கடைக்கார முதலாளிமார். அவர்களில் ஒருவரிடம்தான் வழமையாய்க் கடிதங்களைக் கொண்டுபோவோம். தெற்கே காலியில் கடை வைத்திருந்தவர், நல்லாய்ப் பேசுவார். தகப்பன் கடதாசியைக் கழற்றிக்கொண்டு போனார். முதலாளி வாசித்துப் பார்த்தார். நாய்களுக்கு ஊசி போடுகிற விசயம், கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பினார்.

தகப்பன் வந்து அதைச் சொன்னபோது மாமி முற்றத்தில் நின்றாள்.

"நாய்க்கு இவ்வளவு பெரிய கடதாசியோ?" என்றாள். "எங்கடை ஊரிலை மூண்டு நாய்தானே நிக்குது."

மாமி கடதாசியைப் பறித்து என் கையில் தந்து, சட்டையை மாற்றிக்கொண்டு வா என்றாள். கடகத்தில் நண்டோடு ஊர்காவற்றுறைக்குப் போய் வள்ளம் பிடித்துக் காரைநகருக்குப் போனோம். கடற்படை முகாமுக்கு மாமி நண்டு கொண்டுபோய்க் கொடுப்பாள். அங்கே ஒரு சிங்களப் பெடியன், சமையல்கட்டுக்கு நண்டு வாங்குகிறவன், மாமியை அம்மா என்று கூப்பிடுவான். அவன் வாசலில் நின்றபடி கடதாசியை இரண்டு தரம் வாசித்தான்.

"அம்மா, இது நாய் இல்லை," என்றான். "இது இடம். உங்கட இடம்."

அவனுக்குத் தெரிந்த தமிழில் மெல்ல மெல்லச் சொன்னான். எங்கள் முனை அரசாங்கக் காணி. அதை இறால் பதனிடும் ஆலை போடுவதற்கு ஒருவர் நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான காரியாதிகாரி நேரே வந்து விசாரிப்பார். அங்கே நிரந்தரமாய்க் குடியிருக்கிறவர்கள் ஆட்சேபம் சொல்லலாம். நிரூபித்தால் அவர்களுக்கு அனுமதிப் பத்திரம். நிரூபிக்காவிட்டால் எழும்பிப் போகவேண்டும். கேட்டவரின் பெயரையும் வாசித்தான். நாய் ஊசி என்று சொன்ன அதே முதலாளி.

மாமி அன்றைக்கு நண்டுக்குக் காசு வாங்கவில்லை. திரும்பி வரும்போது வள்ளத்தில் எனக்கு உடம்பெல்லாம் நெருப்பு. முதலாளி பொய் சொன்னது ஒரு பக்கம். நாங்கள் எங்கள் கழுத்துக் கயிற்றை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்து இது என்ன என்று கேட்டிருக்கிறோமே, அதுதான் தாங்கமுடியவில்லை.

கோயிலுக்குள் ஊர் கூடியது. எழுதத் தெரிந்தவள் என்று என்னை முன்னுக்கு விட்டார்கள். ஆட்சேப மனுவை நான் எழுதினேன். ஒவ்வொருவரும் பிறப்புச் சான்றிதழும் ஞானஸ்நானக் கடதாசியும் கொண்டுவாருங்கள், பரம்பரையாய் இருக்கிறோம் என்று காட்டலாம் என்றேன். நல்ல யோசனை என்றார்கள். இன்னொன்றும் சொன்னேன். மாமி விசாரணைக்கு வரக்கூடாது, வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்றேன். தகப்பன் முதல் தரமாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மாமி எழும்பிப் போனாள்.

இரண்டையும் நான்தான் சொன்னேன். இரண்டும் பிழை.

விசாரணை பூவரசுக்குக் கீழே நடந்தது. கோயில் மேசையையும் கதிரையையும் வெளியே வைத்துக் கொடுத்தோம். காரியாதிகாரி யாழ்ப்பாணத்து ஆள், நடுத்தர வயது, கெட்ட மனிதன் அல்ல. முதலாளி குடையோடும் ஒரு பிரக்கிராசியோடும் வந்தார். கோடுகளில் வழக்குப் பேசுகிற அந்த மனிதன் கறுப்புக் கோட்டோடு எங்கள் மணலில் நிற்க வியர்த்து வழிந்தது. பெரிய ஊரில் பாதி பார்க்க வந்திருந்தது.

முதலாளி சுருக்கமாய்ச் சொன்னார். இது ஊர் அல்ல, வாடி. மீன்பிடிக் காலத்துக்குக் குடிசை போடுவார்கள், காற்று மாறினால் போய்விடுவார்கள். இப்போது ஏழெட்டு வருடமாய்ச் சிலர் கொஞ்சம் கூட நாள் தங்குகிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தது. நான் சான்றிதழ்க் கட்டை மேசையில் வைத்தேன். வெள்ளைத் துணியில் சுற்றி, பூப்போல வைத்தேன். காரியாதிகாரி மேலே இருந்ததை எடுத்தார். வாசித்தார். இரண்டாவதை எடுத்தார். பிறகு வேகமாய்ப் பத்துப் பதினைந்தைப் புரட்டினார்.

"பிள்ளை, இதிலை எல்லாத்திலையும் பிறந்த இடம் வேறை ஊரெல்லோ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தியமாய் அதுவரை விளங்கவில்லை. ஒரு பொய்யை நூறு தரம் சொன்னால் அது பொய் என்பதே மறந்துவிடும்.

"அப்ப நீங்கள் அந்த ஊர் ஆக்கள்," என்றார் அவர். "இஞ்சை குடியிருந்தால் ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?"

நாற்பது வீட்டுச் சனமும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெட்கத்தில் எழுதினோம் ஐயா என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை. எங்களுக்காக முதலாளிதான் பதில் சொன்னார்.

"அங்கைதானே ஐயா இவையின்ரை வீடு வளவு. இஞ்சை வந்து போறவை."

பெரிய ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கோழிக்கூடு போடவும் இடம் இருந்ததில்லை. கிணற்றடியில்கூட எங்களைத் தள்ளித்தான் நிற்கவிடுவார்கள், அவர்கள் வார்த்துவிட்டால் குடத்தில் ஏந்தவேண்டும். அது பார்க்க வந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காரியாதிகாரி இரண்டு கிழமை தவணை கொடுத்தார். இந்த முனையில் வருடம் முழுக்கச் சனம் இருந்தது என்று காட்டுகிற பழைய கடதாசி ஒன்று கொண்டுவாருங்கள், ஒன்று போதும், இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஊரில் நடந்ததை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். நான் அம்மாவைப் பேசினேன். பள்ளிக்கூடத்தில் ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். தகப்பன் என்னைப் பேசினார். இவள் பெரிய படிப்புப் படித்து எங்கள் கடதாசியாலேயே எங்களைக் கட்டிப்போட்டாள் என்றார். உண்மைதான்.

அடுத்த நாள் மத்தியானம் மாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். குசினிக்குள் திருக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்து, கையைக் கழுவி, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்தாள். மூடியைத் திறந்து என் மடியில் கவிழ்த்தாள்.

"கொப்பருக்குக் காட்டாதை," என்றாள்.

எல்லாம் கோட்டுச் சமன்ஸ். பதினொன்று. மாமியின் பெயருக்கு வந்தவை. சில நான் பிறப்பதற்கு முந்தியவை. கடதாசி மஞ்சளாகி மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றாய் வாசித்தேன். தெருவில் வலை காயப்போட்டது. மீன் கழுவிய தண்ணீரை ஒருவரின் படலையில் ஊற்றியது. தூசணத்தால் பேசியது. ஒரு தோட்டக் காவல்காரனைத் திருக்கை வாலால் அடித்தது. எனக்கு முதலில் வழக்குகள்தான் கண்ணில் பட்டன. நாலாவதில்தான் மற்றதைக் கண்டேன். எதிரி, இன்னாருடைய பெண்சாதி, கருவாட்டுமுனை. அடுத்ததிலும் கருவாட்டுமுனை. பதினொன்றிலும் கருவாட்டுமுனை.

வேறு எப்படி இருக்கும்? ஞானஸ்நானத்துக்குப் போனால் ஊரைச் சொல்வது நாங்கள், பொய்யைச் சொல்வோம். எங்கள்மேல் வழக்கு வைக்கப் போனால் எங்கள் ஊரை அவர்கள் அல்லவா சொல்வார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரிந்தது அந்தப் பெயரில் மட்டும்தான். ஒழுங்காய் இருந்த நாங்கள் எல்லோரும் கடதாசியில் காணாமல் போய்விட்டோம். அடிதடிக்காரி மட்டும் எங்கள் ஊரில் இருந்திருக்கிறாள்.

ஒன்றோடு பிராதின் பிரதியும் தைத்திருந்தது. வழக்கு வைத்தவரின் பெயரை வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். முதலாளியின் தகப்பன். கீழே அவருடைய கையெழுத்து. பிராது என்ன சொல்கிறது என்பதை விரலை வைத்து மூன்று தரம் வாசித்தேன்.

மாமி, இதையெல்லாம் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"எனக்கு அரசாங்கம் அனுப்பின கடிதம் வேறை ஏதேனும் கிடக்கோ?" என்றாள்.

தகப்பனுக்குக் காட்டாமல் முடியாது. காட்டினேன். மனுசன் கொதித்தார். இதைக் கொண்டுபோய்ப் பெரிய ஊர் முழுக்கப் பார்க்க வாசிக்கப்போகிறாயா, குடும்பத்துக்குக் கொஞ்சம் மானம் மிச்சம் இருக்கிறது, காணி போனால் போகட்டும் என்றார். நான் அவரிடம் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. அன்று பேசினேன். உங்கள் மானம்தான் எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது, மாமி மானத்தைப் பார்த்திருந்தால் எங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இருந்திராது என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். வெளியே போய் வள்ளத்து விளிம்பில் இருந்துவிட்டார்.

இரண்டாம் விசாரணைக்கு மாமி பெருநாளுக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு வந்தாள். தகரத்தைக் கக்கத்தில் வைத்திருந்தாள். நான் மேசையில் வைக்கக் கை நீட்டினேன். தரவில்லை. தானே கொண்டுபோய் வைத்தாள். காரியாதிகாரி ஒவ்வொன்றாய் எடுத்து விரித்தார். மூன்றாவது கடதாசியில் அவருடைய வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"இது உம்மடை பேர்தானோ?"

"ஓம் ஐயா."

"காவல்காரனைத் திருக்கை வாலாலை அடிச்சது நீரோ?"

"அடிச்சனான் ஐயா," என்றாள் மாமி. "ரண்டு தரம். கடதாசியிலை ஒருக்கா எண்டுதான் கிடக்குது."

பெரிய ஊர்ச் சனமே சிரித்தது. பிரக்கிராசி முன்னுக்கு வந்து, குற்றவாளி ஒருத்தியின் கடதாசியை வைத்துக் காணி கேட்கிறார்களா என்றார். காரியாதிகாரி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிரதி தைத்திருந்த கடதாசியை எடுத்து எல்லோருக்கும் கேட்க வாசித்தார். அந்த வசனம் இன்றும் எனக்கு மனப்பாடம்:

"மேற்படி கருவாட்டுமுனையிற் குடியிருக்கும் சனங்கள் மற்ற வாடிக்காரரைப்போலச் சோளகக் காற்றுக்கு எழும்பிப் போகாமல், தலைமுறையாய் வருடம் முழுவதும் அவ்விடத்திலேயே நிலையாய்த் தங்கி, மீன் காயவைத்து அயலாருக்கு ஓயாத இடைஞ்சல் செய்து வருகிறார்கள்."

வாசித்து முடித்துக் கடதாசியை முதலாளியிடம் நீட்டினார்.

"இது உங்கடை தகப்பன்ரை கையெழுத்தோ?"

முதலாளி வாங்கிப் பார்த்தார். பிரக்கிராசி அவர் காதில் ஏதோ சொன்னார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாங்கள் நிரூபிக்க வழியில்லை. ஆனால் அவருடைய ஊரே சுற்றி நின்றது. செத்துப்போன தகப்பனின் கையெழுத்தை எல்லோர் முன்னாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"ஓம்," என்றார்.

அந்த ஒரு ஓமுக்காக மட்டும் அவருக்கு மரியாதை கொடுப்பேன். மற்றதுக்கு இல்லை.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் தகப்பன் முன்னுக்கு வந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"நானும் ஒருக்கா கோட்டிலை தண்டம் கட்டினனான் ஐயா," என்றார். "இந்த ஊர்ப் பேரிலை. வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது."

அம்மா நெஞ்சில் சிலுவை போட்டாள். அடுத்த நிமிடம் இன்னொரு மனிதன், தன் தகப்பனைப் பெரிய ஊர்க்காரர் பனங்கிழங்கு களவெடுத்தான் என்று வழக்கு வைத்த கதையைச் சொன்னான். பிறகு ஒரு கிழவன், சின்ன வயதில் நல்ல தண்ணீர்க் கிணற்றில் தானே வாளி விட்டு அள்ளியதற்குக் கோட்டுக்குப் போனதைச் சொன்னான். மாமியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற ஒருத்தி, தன் தாயும் மாமியோடு சேர்ந்து அதே காவல்காரனுக்கு அடித்தவள்தான், பிடிபடவில்லை என்றாள். ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்தார்கள். காரியாதிகாரியோடு வந்த கிளாக்கர் எழுதி முடிக்க முடியாமல் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராய், ஒவ்வொருவராய் என்று கெஞ்சினார். மூன்று தலைமுறையாய் ஒளித்துவைத்த குற்றமெல்லாம் அந்தப் பூவரசுக்குக் கீழே வெளியே வந்தது. எங்கள் சனம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது. நானும் சொல்ல ஆசைப்பட்டேன். என்னிடம் ஒரு குற்றமும் இருக்கவில்லை. அன்றைக்கு அதுதான் எனக்கு வெட்கமாய் இருந்தது.

காரியாதிகாரி ஊர்காவற்றுறைக் கோட்டிலிருந்து பழைய புத்தகங்களை எடுப்பித்துப் பார்த்ததாகப் பிறகு அறிந்தோம். நாங்கள் சொன்னவை அங்கே இருந்தன. சொல்லாதவையும் இருந்தன. சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது, இந்த முறை தமிழில். இறால் ஆலைக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கருவாட்டுமுனையில் நிலையாய்க் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கப்படும். நான் கோயில் படியில் நின்று வாசித்தேன். வாசித்து முடித்ததும் வேறு ஒருவர் வாங்கி வாசித்தார். பிறகு இன்னொருவர். அன்று எட்டுத் தரமாவது வாசிக்கப்பட்டிருக்கும். கோயில் மணியை யாரோ கயிறு அறுகிறமட்டும் இழுத்தார்கள். ஆம்பிளைகள் கடலுக்குப் போகவில்லை. மாமி மட்டும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய ஊருக்கு மீன் விற்கப் போனாள். அன்று அவள் முதலாளி வீட்டு ஒழுங்கையால்தான் முதலில் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி ஆலையை வேறு எங்கோ போட்டார். நாங்கள் கிடுகை இறக்கிக் கல்வீடு கட்டத் தொடங்கினோம். எண்பதாம் ஆண்டளவில் பாதி வீடுகள் ஓடு. நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, பெரிய தொட்டி, வைத்தார்கள். ஆனால் எனக்குக் கண்ணுக்குள் நிற்பது, அதற்கு முதல், பத்திரத்துக்காக நில அளவைக்காரன் வந்த நாள்தான்.

சங்கிலி பிடித்து, கம்பி நட்டு, காலைமுழுதும் அளந்தார்கள். கரையோர வீட்டுக்கு எல்லை போடும்போது வள்ளம் இழுக்கிற பாதையை மறித்துவிட்டார்கள் என்று மாமி கம்பியைப் பிடுங்கிவிட்டாள். திரும்ப அளந்தார்கள். மத்தியானம் முதல் எல்லைக்கல்லை நடக் குழி வெட்டியபோது, படத்தில் இந்த இடத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று நில அளவைக்காரன் கேட்டான். எங்கள் பெடியன்கள் சிலர் தயாராய் நின்றார்கள். அந்தோனியார்புரம் என்று போடுங்கள் என்றார்கள். கேட்க நல்லாய் இருந்தது. பெண்களில் சிலரும் தலையாட்டினார்கள். அவன் எழுதக் குனிந்தான்.

என் தகப்பன் போய் அவன் படம் விரித்திருந்த பலகையின்மேல் கையை வைத்தார்.

"தம்பி, அது கோயிலின்ரை பேர். ஊருக்குப் பேர் கருவாட்டுமுனை."

பெடியன்கள் முணுமுணுத்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நில அளவைக்காரன் ஆங்கிலத்தில் எழுதினான். தகப்பனுக்கு அவனில் நம்பிக்கை இல்லை. என்னைக் கூப்பிட்டு ஒவ்வொரு எழுத்தாய் வாசிக்கச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிச் சத்தமாய் வாசித்தேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை என்று சொன்னபிறகுதான் பலகையிலிருந்து கையை எடுத்து, இனி அடியுங்கோ என்று கல்லைக் காட்டினார்.